மீன் முள் குத்தினால் உடம்புக்கு எப்படித் துணை நிற்பது

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் ஆயும் வீடுகளில் கெளுத்தி முள் குத்தாத கை குறைவு. குத்தியதும் மஞ்சளையோ காப்பித்தூளையோ அப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்தத் தூளோடு அழுக்கும் உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு, ஆனால் சூட்டில் அது வீரியம் இழக்கும், அதனால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருந்தால் கடுப்பு அடங்கும். சூட்டை மட்டும் குத்துப்படாத கையால் பாருங்கள். முள் உடைந்து ஆழமாக நின்றுவிட்டால் ஊசியால் தோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்து வீங்கும். பயப்பட வேண்டாம். ரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் நுழைந்து வெளியேறி, கிருமியை விழுங்கப் போகின்றன. 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா கடற்கரை ஊரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியல் ஆய்வாளர் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. 1908-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது இந்த வழி ஆராய்ச்சிக்குத்தான். நம் விரலில் நடப்பதும் அதே வேலைதான், எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பின் மேல் மரியாதை கூடுகிறது. சீழ் என்பதில் பெரும்பங்கு அப்படிச் சண்டையிட்டுச் செத்த அணுக்களே. அதைப் பிதுக்காதீர்கள், கிருமி உள்ளே பரவும். இறுக்கிக் கட்டாமல் கையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், சுத்தமான துணியை தினமும் மாற்றுங்கள்.

அக்குளில் நெறி கட்டினால் அங்கே கிருமியை வடிகட்டும் நிணநீர்க் கணு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் காயத்திலிருந்து சிவப்புக் கோடு கைமேல் ஏறினாலோ, காய்ச்சல், குளிர் வந்தாலோ, வீக்கம் மணிக்கு மணி பெரிதானாலோ காத்திருக்கக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாகவே போடாதீர்கள். அழுக்குக் காயம், கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுகர், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் வாழும் சில கிருமிகள் அவர்களிடம் ஒரே நாளில் முற்றிவிடும். குத்திய அன்றைக்கே காட்டிவிடுங்கள்.