சர்ரோ கயிறு: தரைக்கு இணையாக முதல் வட்டம்

மெக்சிகோவின் தேசிய விளையாட்டான சர்ரெரியாவில் ஒன்பது போட்டிகள். அதை ஆடும் குதிரைவீரர்கள் சர்ரோக்கள். போட்டிகளில் மங்கானா என்பது 40 மீட்டர் விட்டமுள்ள களத்தின் ஓரமாக ஓடும் குதிரையின் முன்னங்கால்களில் சுருக்கு வீசுவது. வீசுவதற்கு முன் கயிற்றைப் பூப்போலச் சுழற்றிக் காட்டினால் கூடுதல் புள்ளி. அந்தச் சுழற்றலின் அரிச்சுவடி இது. குதிரை வேண்டாம், மொட்டைமாடி போதும்.

கயிறு: 8 மி.மீ. பருத்திப் பின்னல் கயிறு, 4 மீட்டர். நைலான் வாங்காதீர்கள், எடை போதாது. சர்ரோக்களின் கற்றாழை நார்க்கயிறு அருமையானது, ஆனால் விறைப்பானது, பழகாத கைக்கு அடங்காது. ஒரு முனையில் விரல் நுழையுமளவு கண்ணி கட்டுங்கள். இதற்குப் பெயர் ஹோண்டா (பைக் அல்ல). அதன்மேல் செம்புக்கம்பி நாலு சுற்று சுற்றினால் எடை கிடைக்கும்.

1. மறுமுனையைக் கண்ணிக்குள் விட்டு 3 மீட்டர் வட்டத்துக்கு, 1 மீட்டர் கைப்பகுதிக்கு என்று பிரியுங்கள்.

2. வலக்கையில் கைப்பகுதியின் முனையையும் வட்டத்தின் மேல் இழையையும் சேர்த்துப் பிடியுங்கள். இடக்கை வட்டத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கட்டும். ஹோண்டா தொங்கும் வட்டத்தின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும்.

3. இடுப்பில் சற்றுக் குனிந்து, மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வீசுங்கள். முதலில் இடக்கையை விடுங்கள். அடுத்த கணமே வலக்கையிலுள்ள வட்ட இழையை மட்டும் நழுவவிடுங்கள்.

4. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். நாலு சுற்று சுழலும், பிறகு கயிறு பாம்பாக நெளிந்து விழும். வேகம் குறைந்துவிட்டதாக நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றுவார்கள். இன்னும் சீக்கிரம் விழும். காரணம் முறுக்கு. கையை ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறுகிறது. இறுகப் பிடித்தால் அது வெளியேற வழியில்லை. பேனா பிடிப்பதுபோல் கட்டைவிரல், இரண்டு விரல்களுக்கிடையில் தளர்வாக வைத்து, கயிறு விரல்களுக்குள் உருள விடுங்கள். கைக்கு மேலே வால் நாலு விரற்கடைக்கு மேல் நீள வேண்டாம். அதை இடக்கையில் பிடித்துக்கொள்வதும் கூடாது.

5. மணிக்கட்டு சின்ன வட்டம் போட்டால் போதும். தோள் ஆடினால் வட்டம் சாயும்.

பின்சேர்க்கை: முறுக்கை விட்ட பிறகும் வட்டம் சுருங்குகிறதென்றால் ஹோண்டாவைப் பாருங்கள், கண்ணி சிறிதாகி இழையைக் கவ்வியிருக்கும். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ள வேண்டும், சுழலும் திசையையும் சேர்த்து.

முப்பது சுற்று நின்றால் இதைவிட அரை மீட்டர் கூடுதல் நீளமுள்ள கயிற்றுக்கு மாறலாம்.