கையெழுத்துக்கு முன் தெளிய வேண்டிய பதிப்புச் சொற்கள்

முதல் புத்தகம் வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில் பலர் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். படித்தவர்களும் ஏமாறுவதுண்டு. அதிலுள்ள சொற்களுக்கு நாம் கொள்ளும் பொருள் ஒன்று, சட்டம் கொள்ளும் பொருள் வேறு.

பெரிய இழப்பைத் தரும் தவறு, உரிமையை எழுதிக்கொடுப்பதையும் வெளியிட அனுமதி தருவதையும் ஒன்றென நினைப்பது. முதலாவது நிலத்தைக் கிரயம் செய்வது. இரண்டாவது குத்தகைக்கு விடுவது. ‘நூலின் முழு உரிமையையும் வழங்குகிறேன்’ என்ற ஒற்றை வரியோடு மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகளும் கைவிட்டுப் போகக்கூடும். அச்சு நூலுக்கு மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவில், எழுத்தாளருக்குத் துணை நிற்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும், காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஆனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதிக்கொடுத்தவருக்கு அந்த 5 ஆண்டு வரம்பு உதவாது. பதிப்புரிமைக் காலம் என்பது எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். பேரப்பிள்ளைகள் காலம்வரை நீளும் சொல் அது.

அடுத்தது ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு. ‘10 சதவீதம்’ என்றதும் மனம் நிறைந்துவிடுகிறது. எதில் 10 சதவீதம் என்று கேட்பதில்லை. 300 ரூபாய் நூலுக்கு, அச்சிட்ட விலையில் கணக்கிட்டால் பிரதிக்கு 30 ரூபாய். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போக பதிப்பகத்தின் கைக்கு வரும் 180 ரூபாயில் கணக்கிட்டால் 18 ரூபாய்தான். ஆயிரம் பிரதிகளில் 12,000 ரூபாய் வித்தியாசம். நூலக ஆணையில், அதாவது நூலகங்களுக்காக மொத்தமாக வாங்கும்போது போகும் பிரதிகளுக்கு எந்த விலையில் ராயல்டி என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் தந்தால், அது வரப்போகும் ராயல்டியில் கழிக்கப்படும் தொகை, தனிச் சன்மானம் அல்ல.

ஐஎஸ்பிஎன் எண்ணைப் பதிப்புரிமைச் சான்றாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், அவ்வளவே. பதிப்புரிமை நீங்கள் எழுதியபோதே உங்களுக்கு வந்துவிட்டது; பதிவு செய்வது கட்டாயம்கூட இல்லை. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த எண்ணை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். ‘ஐஎஸ்பிஎன் கட்டணம்’ என்று தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

பதிப்பும் அச்சும் வேறு. உள்ளடக்கம் மாறாமல் மீண்டும் அடித்தால் அது இரண்டாம் அச்சு. திருத்தி, சேர்த்து வெளியிட்டால்தான் இரண்டாம் பதிப்பு, அதற்குப் புதிய எண்ணும் வேண்டும். தமிழில் இரண்டையும் ‘மறுபதிப்பு’ என்றே போட்டுவிடுகிறோம். பத்தாண்டு கழித்து எது திருத்திய பாடம் என்று தேடும் ஆய்வாளர் திணறிப்போகிறார்.

‘நூல் பதிப்பில் இல்லாவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்’ என்ற பிரிவை நம்பிக் கையெழுத்திடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் பிரதி அடித்து விற்றுத் தீர்ந்த காலத்தில் அந்தப் பிரிவு பயன்பட்டது. இன்று கேட்டால் ஒரு பிரதிகூட அச்சிட்டுத் தரும் முறை வந்துவிட்டது. அப்படி அச்சிட்டுத் தரும்வரை நூல் பதிப்பில் இருப்பதாகவே பதிப்பகம் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே, ஓராண்டில் இத்தனை பிரதிகளுக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையில் மின்னூல் சேருமா என்பதையும் அதே வரியில் முடித்துவிடுங்கள்.