சட்டையில் காபி கொட்டிவிட்டதா? தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள்

ஒரு நேர்காணலுக்குக் கிளம்பும் அவசரத்தில் வெள்ளைச் சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டேன். பதற்றத்தில் கட்டிச் சோப்பைப் போட்டுத் தேய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரத்தைக் காயவைத்தேன். செய்த மூன்றுமே தப்பு. அந்தச் சட்டை இப்போது வீடு துடைக்கும் துணி.

தேய்த்தால் காபி நூலிழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், கறையும் பரவும். கட்டிச் சோப்பு காபி, டீ கறைகளைத் துணியிலேயே பதியவைத்துவிடக்கூடும். சூடு பட்டால் கறை இறுகிவிடும். பால் கலந்த காபி என்றால் இன்னும் மோசம். சூட்டில் முட்டை வெள்ளைக்கரு கெட்டியாவது போலத்தான் பாலில் உள்ள புரதமும் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

காபி கொட்டியதும் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்தி எடுங்கள். துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி வையுங்கள். ஈரம் ஏறுவது நிற்கும்வரை இதுதான் வேலை. கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் பரவாது.

பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, கறையின் பின்பக்கம் குழாய்த் தண்ணீர் விழும்படி பிடியுங்கள். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். முன்பக்கம் விட்டால் காபி துணிக்குள்ளே தள்ளப்படும். பின்பக்கம் விட்டால் வந்த வழியே வெளியேறும். கீழே வடியும் தண்ணீர் முதலில் பழுப்பாக வரும், போகப்போக வெளிறும். நிறமே இல்லாமல் வடியும்வரை கையை எடுக்காதீர்கள். புதுக் கறை என்றால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பால் காபியா? பாத்திரம் கழுவும் லிக்விடை இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாக அமுக்கி ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். கொழுப்பு போக வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பும் விடாது. கறுப்புக் காபிக்கு இது தேவையில்லை.

அடுத்தது ஊறவைப்பது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், அரைத் தேக்கரண்டி பாத்திர லிக்விட். பதினைந்து நிமிடம் போதும். சாயம் போகும் துணியாக இருக்குமோ என்று சந்தேகமா? உள்மடிப்புத் தையலில் முதலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

காய்ந்துபோன கறையில் நடு வெளிறியும் ஓரம் கறுத்தும் ஒரு வளையம் தெரியும். துளியின் ஓரம் வேகமாக ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் ஓரத்துக்கு ஓடி, துகள்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1997இல் இயற்பியலாளர்கள் இதை விளக்கினார்கள். நமக்கு இதில் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: நடுவில் மட்டும் மருந்து போடாமல், ஓரத்தைத் தாண்டி வெளியேயும் நனையுங்கள்.

அப்படியும் போகாத வெள்ளைப் பருத்தித் துணிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துப் பத்து நிமிடத்தில் அலசலாம். வண்ணத் துணிக்கு ஆக்சிஜன் பிளீச் (குளோரின் இல்லாத வெளுப்புப் பொடி) கலந்த தண்ணீரில், பாக்கெட்டில் சொன்ன நேரம் ஊறவையுங்கள். பட்டு, கம்பளிக்கு இரண்டுமே வேண்டாம். ஒற்றிவிட்டு சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளோரின் பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும். ஒன்றைப் பயன்படுத்திய பாத்திரத்தில் அடுத்ததை ஊற்றுவதும் கூடாது.

இனி வழக்கம்போலத் துவைக்கலாம். ஈரத்தில் கறை கண்ணுக்குத் தெரியாது என்பதால் உடனே இஸ்திரி போட்டுவிடாதீர்கள். காற்றில் காயவிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய மஞ்சள் வளையம் மிச்சம் இருந்தால் வினிகர் தண்ணீரில் இன்னொரு முறை போடுங்கள்.