குட்டித் தேவதைக்குப் பெயர் வைப்பது எப்படி?

"தாத்தா, அந்தத் தேவதை பேர் என்ன?" என்று ஒருநாள் ராத்திரி பேத்தி கேட்டாள். "தங்கத் தேவதை" என்றேன். "அது பேரே இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, பெயர் வைக்காமல் நான் கதையைத் தொடங்குவதில்லை.

முதலில் அடுப்படிக்குப் போங்கள். ஷேக்ஸ்பியர் 1590-களில் எழுதிய 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் தேவதைகளின் ராணிக்கு டைட்டானியா என்று பெரிய பெயர். அவளுடைய பணியாட்களுக்கோ பட்டாணிப்பூ, சிலந்திவலை, அந்துப்பூச்சி, கடுகு! எனக்கு இவர்களைத்தான் பிடிக்கும். விரல் அறுபட்டால் சிலந்திவலையை ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது அந்தக் காலத்துக் கைவைத்தியம். அதனால் நாடகத்தில் மந்திரத்தால் கழுதைத் தலையோடு நிற்கும் நெசவாளி, "விரல் வெட்டுப்பட்டால் உன்னிடம்தான் வருவேன்" என்ற மாதிரி சிலந்திவலையிடம் பேசுகிறான். கடுகிடம், அவன் சொந்தக்காரர்கள் தன் கண்ணில் தண்ணீர் வரவழைத்ததைச் சொல்கிறான். பெயருக்குள்ளேயே கதை இருக்கிறது பாருங்கள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் வெந்தயம் பிறந்தாள். ராத்திரி தண்ணீரில் இறங்கினால் காலையில் இரண்டு மடங்கு ஆகிவிடுவாள். பேச்சு கொஞ்சம் கசக்கும், ஆனால் சூட்டைத் தணிப்பாள்.

அடுத்தது ஓசை. 'பீட்டர் பேன்' நாடகத்துக் குட்டித் தேவதை டிங்கர் பெல் 1904-இல் லண்டன் மேடைக்கு வந்தபோது அங்குமிங்கும் ஓடும் ஒரு வெளிச்சம், கூடவே மணிச் சத்தம், அவ்வளவுதான். டிங்கர் என்றால் ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்பவர். இதையெல்லாம் மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம். நம்மிடம் கிண்கிணி என்ற சொல் சும்மாவே கிடக்கிறது. வைத்த பெயரைப் போர்வைக்குள் கிசுகிசுப்பாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் விட்டுவிடுங்கள்.

சேட்டைக்காரிக்குக் கெட்ட பெயர் வைக்காதீர்கள். அயர்லாந்துக் கிராமங்களில் தேவதைகளை நேராகப் பெயர் சொல்லிப் பேசத் தயங்கி, 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டார்கள். காதில் விழுந்து கோபித்துக்கொண்டால்? நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோமே, அதே பயம்தான். என் கதையில் செருப்பை ஒளித்துவைப்பவள் பெயர் நல்லக்கா.

ஒரே ஒருத்தியின் பெயரை மட்டும் மறைத்து வையுங்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில், ராணியின் குழந்தையைக் கேட்டு மிரட்டும் குள்ளனின் பெயரைக் கண்டுபிடித்ததும் அவன் பிடி போய்விடும். கதை கேட்கும் குழந்தையும் அப்படிப் பெயரைத் தேடட்டும். பேத்தி நாலு நாளாகக் கேட்கிறாள்: மிளகா? ஏலக்காயா? கசகசாவா?

இன்னும் இல்லை.