உப்புக்காற்று மேல் பழி போட்டேன்
பாம்பன் படகுத்துறையைப் பார்க்க, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி போர்டில் ஐஎம்எக்ஸ்219 சென்சார் உள்ள கேமரா மாட்டினேன். வேண்டியதை மட்டும் சேர்த்து லினக்ஸ் கட்ட உதவும் பில்ட்ரூட் கருவியில் நானே கட்டிய லினக்ஸ். கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறியிருந்தது, படம் வரவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் லாக்கில் ஒரு பிழை வரிகூட இல்லை. போர்டின் ஐ2சி கம்பிகளில் எந்தச் சாதனம் பதில் சொல்கிறது என்று தேடும் ஸ்கேனிலும் கேமராவைக் காணோம். சரி, உப்புக்காற்று கனெக்டரை அரித்துவிட்டது என்று கேபிள், அப்புறம் புதுக் கேமரா என மாற்றி மூன்று நாள் போச்சு.

கடைசியில், கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்து, தொடங்காமல் காத்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் 'டிவைசஸ்_டிஃபர்டு' கோப்பைத் திறந்தால், கேமரா அங்கே உட்கார்ந்திருந்தது. தனக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டருக்காகக் காத்திருக்கிறதாம்! காத்திருப்பதை கெர்னல் பிழையாக எழுதுவதில்லை. கரண்டே போகாத சென்சார் ஸ்கேனில் எப்படித் தெரியும்?

கெர்னலை இளைக்க வைக்கிறேன் பேர்வழி என்று அந்த ரெகுலேட்டரை இயக்கும் 'ரெகுலேட்டர் ஃபிக்ஸ்டு வோல்டேஜ்' ஆப்ஷனை நான்தான் எடுத்திருந்தேன். அதைச் சேர்த்துக் கட்டியதும், முதல் பூட்டிலேயே வலை உலர்த்துகிறவர்கள் திரையில் வந்தார்கள்.