கதிர்காமம் போகும் வழியில் ஹோர்ட்டன் சமவெளி: ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வான் பிடித்துக் கதிர்காமம் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் மலையகத்தைச் சுற்றியே போகின்றன. நுவரெலியாவில் ஓரிரவு தங்குகிறார்கள். மறுநாள் கிரகரி வாவியையும் ஹக்கலைப் பூங்காவையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவை, "அதற்கு ஒரு முழு நாள் போய்விடும்" என்று சொல்லி விட்டுவிடுவதே வழக்கம். நுவரெலியாவிலிருந்து போய் நுவரெலியாவுக்கே திரும்பினால் அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரிதான். ஆனால் பட்டிப்பொலப் பக்கத்து வாயிலால் நுழைந்து, நடக்க வேண்டியதை நடந்து முடித்து, ஒஹியப் பக்கத்து வாயிலால் வெளியேறினால், சமவெளி உங்கள் பயணப் பாதையிலேயே அமைந்துவிடும். இந்த வழிகாட்டி அந்த ஓர் ஏற்பாட்டை வைத்தே எழுதப்படுகிறது. இதற்கு விலையாக வேறு ஏதாவது ஓரிடத்தைக் கைவிட வேண்டும். என்னைக் கேட்டால் எல்ல என்ற சுற்றுலா ஊரின் நெரிசலைக் கைவிடலாம்.

முதல் நாளைத் திட்டமிடும்போது எண்ணிப் பார்க்க வேண்டியது சாரதியின் தூக்கத்தை. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு மேலும் எழுபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இந்தக் கடைசிப் பகுதி முழுவதும் வளைவும் ஏற்றமும்தான். இவ்வளவையும் ஒரே நாளில் ஓட்டியவரை மறுநாள் விடியற்காலை எழுப்பி மலைப்பாதையில் இறக்குவது ஆபத்தானது. ஆகவே மாத்தளையிலோ கண்டியிலோ முதலிரவு தங்கி, இரண்டாம் நாள் ஆறுதலாக நுவரெலியாவுக்கு ஏறுவதே நல்லது. அப்படிச் செய்தால் அன்று பிற்பகலே சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். இதைப் பின்போடக் கூடாது. மறுநாள் காலை நீங்கள் பிடிக்கும் அம்பேவெல வீதி அந்தக் கோயிலைத் தொடுவதில்லை. எரிபொருளையும் அன்று மாலையே நிரப்பிவிடுங்கள். தங்குமிடத்தில் சாரதிக்குப் படுக்கை உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டுமானால் நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன்னரே புறப்பட வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வானில் நாலரை என்று சொன்னால்தான் ஐந்துக்கு முன் நகரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த அவசரத்துக்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பு அப்படியே செங்குத்தாகத் தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. வெயில் ஏற ஏறக் கீழே சூடான காற்று அந்தச் சுவரையொட்டி மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிறது. ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு, அந்த விளிம்பில் 'உலக முடிவு' (World's End) என்று அழைக்கப்படும் காட்சியிடத்துக்குப் போய்ச் சேர்பவர்கள் பல நாட்களில் வெள்ளைத் திரை ஒன்றைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்வெளியில் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். ஏப்ரல் விடுமுறையிலும் நீண்ட போயா வார இறுதிகளிலும் நுவரெலியாவே நிரம்பி வழியும் என்பதால், அந்த நாட்களில் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

நுழைவுச்சீட்டை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வழங்குகிறது. இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பன்மடங்கு அதிகமான இன்னொரு கட்டணம், வாகனத்துக்குத் தனிக் கட்டணம். ஊரிலிருந்து வந்தவர்களோடு கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவும் லண்டன் மாமியும் சேர்ந்து போகும்போது இது முக்கியமாகிறது; பிறந்தது பருத்தித்துறையில் என்பதும் தமிழும் சிங்களமும் பேசத் தெரியும் என்பதும் சீட்டுக் கொடுப்பவரிடம் செல்லாது. தேசிய அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். காசாகவும் போதிய பணம் வைத்திருங்கள்.

வாயிலில் அடுத்ததாகப் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் மெல்லிய விளம்பரத் தாளைக்கூட உரித்து எடுத்துவிட்டுத்தான் போத்தலைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பைக்குள் கொட்டச் சொல்வார்கள். இருட்டில், குளிரில், பின்னால் வாகன வரிசை நிற்க, லஞ்ச் சீட்டில் சுற்றிய பன்னிரண்டு பார்சல்களை அவிழ்த்துக்கொண்டு நிற்பது யாருக்கும் உவப்பானதாக இராது. எனவே ரொட்டியையும் கட்டச்சம்பலையும் முதல் நாளிரவே சில்வர் டப்பாக்களில் போட்டு, தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கண்டிப்பைச் சிலர் நச்சரிப்பு என்று முணுமுணுப்பதுண்டு. வாகனத் தரிப்பிடத்திலேயே மரைகள் வந்து சாப்பாட்டுப் பைகளை முகர்ந்து பார்ப்பதைக் கண்டவர்களுக்கு, கண்டிப்பு இன்னும் கூடுதலாக இருக்கலாமே என்றுதான் தோன்றும். அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பணிஸ் நீட்டுவதைப் படமெடுக்கவும் நிற்காதீர்கள்.

வாயிலிலிருந்து ஃபார் இன் என்ற பழைய கட்டடம் வரை வாகனம் போகும். நடைபாதை அங்கிருந்து தொடங்குகிறது. மலசலகூட வசதியை அங்கேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாதை சுமார் 9 கிலோமீற்றர் நீளமான ஒரு வட்டம். நின்று பார்த்து நடப்பவர்களுக்கு மூன்று முதல் மூன்றரை மணித்தியாலம் எடுக்கும். வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான், ஆனால் பலன் ஒன்றல்ல. சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு என்று விளிம்பை முதலில் முடித்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு முகில் தடையல்ல. பெலிஹுல் ஓயா ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதை எந்த மணிக்கும் பார்க்கலாம்.

பாதை பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் காலுக்கு அப்படியல்ல. உருண்டைக் கற்களும் வழுக்கும் களிமண்ணும் மாறி மாறி வரும். காட்டுக்குள் நுழையும் இடங்களில் வேர்கள் படியாக நீட்டிக்கொண்டிருக்கும். செருப்பு வேண்டாம், சப்பாத்து வேண்டும். காலையில் தேவைப்படும் ஜேர்சியை எட்டு மணிக்குக் கழற்றி இடுப்பில் கட்ட நேரும் என்பதால் தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். சிறிய உலக முடிவில் பள்ளம் சுமார் 270 மீற்றர். பெரியதில் 800 மீற்றருக்கும் மேல். நேர் கீழே நொன்பரெல் தோட்டத்துத் தேயிலையும், அதைத் தாண்டித் தாழ்நிலமும், மிகத் தெளிவான நாட்களில் தெற்குக் கடலும் தெரியும். முகில் வரும் விதத்தை அங்கே நின்றே பார்க்கலாம்: முதலில் கீழே ஒரு பஞ்சுத் துண்டாகத் தேயிலை வரிசையை மறைக்கும், பிறகு பாறையோரப் புற்களை மேல்நோக்கி அசைத்துக்கொண்டு முகத்தில் ஈரமாகப் படும், அதற்குள் எதிரில் நிற்பவரே மங்கிவிடுவார். சில நிமிடங்களில் அது விலகவும் கூடும். ஆகவே வந்தவுடன் மூடியிருந்தால் கால் மணி நேரமாவது காத்திருங்கள். படத்துக்காக விளிம்புக்குப் போகாதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எல்லோரும் நடக்க வேண்டும் என்பதில்லை. முழங்கால் வலியுள்ள அப்பம்மாவைச் சாரதியோடு ஃபார் இன் பக்கத்தில் விட்டுச் செல்லலாம். சாரதிக்கும் அந்த மூன்று மணித்தியாலம் தூங்கக் கிடைக்கும். இறங்கும் பாதைக்கு அது தேவை. அப்பம்மாவுக்கும் குறைவில்லை: புல்வெளியும் மரைக் கூட்டமும் வாகனத்துக்குள் இருந்தே தெரியும். நேரம் மிகக் குறைவு என்றால் வட்டத்தை மறந்து, விளிம்பு வரை போய் அதே வழியால் திரும்பலாம். அருவியை விடுவதில் பெரிய நட்டமில்லை, வழி நெடுக அதைவிடப் பெரியவை உண்டு. ஆனால் ஏழரைக்குப் பிறகுதான் வாயிலை அடைவீர்கள் என்று தெரிந்தால், விளிம்புக் காட்சியை நம்பி வராதீர்கள். புல்வெளிக்காகவும் காட்டுக்காகவும் மட்டும் வாருங்கள்.

பத்து, பத்தரைக்கு வான் புறப்பட்டால் ஒஹிய வாயிலால் இறங்கி, பொரலந்த வழியாக மதிய உணவுக்கு ஹப்புத்தளையை அடைந்துவிடலாம். ஒஹியவுக்கு இறங்கும் வீதி ஒடுக்கமானது, கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது. வானுக்குப் பொருந்தும், பெரிய பஸ்ஸில் வந்தவர்கள் பட்டிப்பொலப் பக்கமாகவே திரும்புவது நல்லது. இறக்கம் முழுவதும் தாழ்ந்த கியரில் வர வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஹப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால், வீதியிலிருந்தே 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிடலாம். வெல்லவாயவிலிருந்து கதிர்காமத்துக்குப் புத்தள வீதி குறுக்கு வழிதான். ஆனால் அது யால காட்டை ஊடறுத்துச் செல்கிறது, யானைகள் வாகனங்களை மறித்து நிற்பதும் அங்கே வழமை. நாலு மணிக்கு முன் வெல்லவாயவைத் தாண்ட முடியாவிட்டால் தணமல்வில, திஸ்ஸமகாராமப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். மாலைப் பூசைக்கு நேரம் போதாவிட்டால் மறுநாள் காலைப் பூசைக்குப் போகலாம்.