'அவருடைய கணவர்' ஆங்கிலத்துக்குப் போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கூடத் தம் அக்காளைப் பற்றிச் சொல்லும்போது 'ஹிஸ் ஹஸ்பண்ட்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு. தமிழில் 'அவருடைய கணவர்', 'அவருடைய மனைவி' என இரண்டிலும் ஒரே சொல்லே நிற்பதால் வரும் சறுக்கல் இது. 'அவர்' மரியாதையைக் காட்டும், பாலைக் காட்டாது. ஆங்கிலத்துக்கோ பால்தான் வேண்டும், அதுவும் உரியவரின் பால். அடுத்து வரும் 'கணவர்' என்ற சொல்லைப் பார்த்து ஹிஸ் போடக் கூடாது. யாருடைய கணவர் என்று கேட்டு, அக்காளுடைய கணவர் என்று விடை வந்தால் 'ஹெர்' என்பதே சரி.

'அப்பா வந்தார்கள்' என்று பேசிப் பழகியவர்கள் அப்பாவை 'தே' என்று குறிப்பிட்டுவிடுவார்கள். கேட்பவர் பலர் வந்ததாக எண்ணிக்கொள்வார். பால் தெரியாத ஒருவரை தே என்று சுட்டும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே உண்டு. தம்மை அப்படிச் சுட்ட வேண்டும் என்று விரும்புபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லில் மரியாதைப் பொருள் இல்லை. ஆகவே அப்பா, எவ்வளவு பெரியவரானாலும், 'ஹீ'தான்.

'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். நண்பரிடம் 'வீ ஆர் கோயிங் டு எ வெட்டிங்' என்றால், தம்மையும் சேர்த்துச் சொல்வதாக அவர் நினைக்க இடமுண்டு. 'மை ஃபேமிலி அண்ட் ஐ' என்று தொடங்கினால் அந்தக் குழப்பம் வராது.

உறவுச் சொற்களில் பிழை செய்தால் விளைவு இன்னும் பெரிது. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன்தான், ஆனால் ஆங்கிலத்தில் அவர் 'கசின்'. விண்ணப்பப் படிவத்தில் 'பிரதர்' என்று எழுதினால் உடன்பிறந்தவர் என்றே பொருளாகி, தவறான தகவல் தந்ததாகிவிடும். 'கசின் பிரதர்' இந்திய ஆங்கிலத்தில் புழங்கினாலும், பிற நாட்டவர் காதுக்கு இரண்டாவது சொல் மிகை. 'மருமகன்' என்பதை யோசியாமல் மொழிபெயர்ப்பதும் ஆபத்து: மகளின் கணவர் 'சன் இன் லா', உடன்பிறந்தாரின் மகன் 'நெஃப்யூ'. சித்தியும் அப்படியே. அம்மாவின் தங்கையும் சித்தப்பாவின் மனைவியும் 'ஆன்ட்'. அப்பா மறுமணம் செய்துகொண்டவர் மட்டுமே 'ஸ்டெப் மதர்'. இந்த இரண்டும் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் கதையே மாறிப்போகும்.

கொழுந்தன், மைத்துனன், அக்காள் கணவர் எல்லாரும் 'பிரதர் இன் லா' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். சகலையைக் குறிக்கும் 'கோ பிரதர்' இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலும் புரியாது. அங்கே, கொஞ்சம் நீளமானாலும், 'மை வைஃப்'ஸ் சிஸ்டர்'ஸ் ஹஸ்பண்ட்' என்று உறவை விரித்தே சொல்லிவிடலாம்.